‘அம’ என்று ஒரு கோப்புறை

சனிக்கிழமைக் காலைகளில் எனக்கு ஒரு தனி நடை இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகத் திரிகிறவள் நான். ஆறாம் நாள், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த அச்சகத்துக்குள் கால் வைத்ததும் ஓரடி உயர்ந்துவிடுவேன். அச்சக முதலாளி அப்பாவின் பழைய சிநேகிதர். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். வாடிக்கையாளர் யாராவது இருந்தால், "இவ எங்கட பிள்ளை. பெரிய கொம்பனியில சொப்ட்வெயார் எஞ்சினியர். எங்கட கம்ப்யூட்டர் எல்லாம் இவதான் பாக்கிறது" என்று உரக்கச் சொல்லுவார். நான் தலையைக் குனிந்து சிரிப்பேன். அந்தக் குனிவு பணிவு இல்லை. அது முழுக்க முழுக்கத் தலைக்கனம். அந்த அறிமுகம் காதில் விழுவதற்காகவே நான் சம்பளம் இல்லாமல் அங்கே போய்வந்தேன் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த அச்சகத்தில் கலியாணக் கார்ட்டும் பில் புத்தகமும் அடித்தாலும், உண்மையான வேலை கல்வெட்டுத்தான். யாராவது செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்போம். செத்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், படங்கள், யார் யாருக்கு என்ன முறை என்ற நீண்ட பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஒரே ஒரு நாள்தான் உயிர். முப்பத்திரண்டாம் நாள் வருகிற கல்வெட்டை யார் கையில் கொடுப்பது? அதனால் அந்த அச்சகத்தில் எல்லோரும் செத்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் வேலை செய்வார்கள்.

இப்போதெல்லாம் தாய் தகப்பன் கொழும்பில், பிள்ளைகள் நாலு நாட்டில். படங்கள் அங்கேயிருந்துதான் வர வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் முகம் அழுக்குத் துணி மாதிரி வரும். ஆகவே அச்சகத்தின் மூலையில் ஒரு பழைய கணினி இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கோப்புறை திறந்து, அதன் முகவரியைக் குடும்பத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். வீட்டு முகவரி மாதிரித்தான் அதுவும். முதலில் எஃப்.ரி.பி. என்ற மூன்று எழுத்து, பிறகு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும், பிறகு கணினியின் பெயர், கடைசியில் கோப்புறையின் பெயர். பிள்ளைகள் அந்த முகவரிக்குப் படங்களை முழு அளவில் ஏற்றுவார்கள். உலகம் கைவிட்ட பழைய முறை என்று நான் அதைக் கிண்டலடித்திருக்கிறேன். ஆனால் அது ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. மக்கர் பண்ணியது நான்தான்.

கோப்புறைகளைத் திறப்பவரும் பக்கங்களை அமைப்பவரும் ஒரே ஆள். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் மட்டக்குளி பஸ்ஸில் வந்துபோன ஓர் அக்கா. கத்தோலிக்கர். கழுத்தில் சிறிய சிலுவை, மேசையில் மாதா படம். ஆனால் எந்தத் தேவாரத்தை எந்த வீட்டுக்குப் போட வேண்டும், சிவபதம் அடைந்தார் என்று எழுத வேண்டுமா இறைபதம் அடைந்தார் என்று எழுத வேண்டுமா என்பதெல்லாம் எங்களைவிட அவருக்கு அத்துப்படி. ஒன்பது வருஷமாக எங்கள் ஆட்களின் சாவுகளை அவர்தான் பக்கம் பக்கமாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று நானும் ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோப்புறைக்குச் செத்தவரின் பெயரை வைக்கமாட்டார். குடும்பத்திலிருந்து வருகிறவரை உட்காரவைத்து, முதல் கேள்வியாக, "உங்களுக்கு யாரு?" என்று கேட்பார். வந்தவர் "அம்மா" என்றால், கோப்புறைக்கு அம்மா என்று தமிழிலேயே பெயர் வைத்து, பக்கத்தில் பிள்ளை இருக்கும் ஊரையும் சேர்ப்பார். அம்மா-ரொறன்ரோ. அப்பா-லண்டன். மாமி-தெகிவளை. மனைவி என்று மட்டும் ஒரு கோப்புறை இருந்தது. ஒரு வயதான மனிதர், தனியாக வந்தவர், ஊர் சேர்க்க அவருக்கு யாரும் இல்லை.

ஒருநாள் நான் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் அக்கா, இங்கிலீசில பேரைப் போடலாமே?" என்று கேட்டேன்.

"அவங்க திறந்தவொடன அம்மான்னு இருக்கணும் மிஸ். பேரு இருந்தா ஏதோ ஆஸ்பத்திரி ஃபைல் மாதிரி இருக்கும். அழுதுகிட்டுதானே படம் தேடுறாங்க."

நான் அதைக் கேட்டுவிட்டு எதையாவது யோசித்திருக்கலாம். அதற்குப் பதில் சிரித்துக்கொண்டு, "கம்ப்யூட்டருக்குத் தமிழ் விளங்காது அக்கா. என்றைக்கோ ஒரு நாள் கரைச்சல் தரும்" என்றேன். பெரிய ஞானி. கணினிக்குத் தமிழ் விளங்காது என்பது அப்போதே பொய்யாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. சும்மா, சொல்லுவதற்கு வாயில் வந்த வசனம் அது. அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மூலைக் கணினியில் இடம் முடிந்துபோய்விட்டது என்று அங்கிள் என்னிடம் சொன்னார். பழைய கோப்புறைகளை அழிக்க வேண்டும். அக்கா, தான் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிப்பதாகச் சொன்னார், இரண்டு நாள் போதுமாம். இரண்டு நாளா? எனக்குச் சிரிப்பு வந்தது. "விடுங்கோ அக்கா, நான் ஒரு ப்ரோக்ராம் எழுதி அரை மணித்தியாலத்தில முடிச்சுத்தாறன்" என்றேன். அங்கிள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

என் திட்டம் எளிமையானது. கடந்த ஒரு வருஷத்து மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் கணினியே வாசிக்கட்டும். அவற்றில் இருக்கும் எஃப்.ரி.பி. முகவரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கட்டும். அந்தப் பட்டியலில் இருக்கும் கோப்புறைகள் உயிருள்ளவை, அவற்றை வைத்துக்கொள்ளட்டும். பட்டியலில் இல்லாதவை பழையவை, அழிக்கட்டும். முகவரிகளைப் பொறுக்குவதற்கு எங்கள் தொழிலில் ரெஜெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தேடுகிற பொருள் எப்படி இருக்கும் என்ற மாதிரியைக் குறிகளாலேயே ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால், அந்த மாதிரிக்குப் பொருந்துவதை மட்டும் கணினி பிடித்துத் தரும். மா அரிக்கிற அரிதட்டு மாதிரி. கண் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எழுதுகிறவர்.

நான் எழுதினேன். எஃப்.ரி.பி. என்று தொடங்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ ஓர் எஸ் வந்தாலும் வரலாம். பிறகு முக்காற்புள்ளி, சாய்கோடுகள். பிறகு கணினியின் பெயர். அதற்குப் பிறகு கோப்புறையின் பெயருக்கு எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு இவற்றில் எது வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். மொத்தம் ஒரே வரி. கச்சிதமான வரி. எழுதி முடித்துக் கதிரையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பத்து முகவரிகளை நானே தட்டிச் சோதித்தேன். பத்தும் பொருந்தின. பத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் அச்சகத்தில், தமிழ்க் கல்வெட்டு அடிக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு, தமிழச்சி நான், ஒரு தமிழ் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அந்தக் கோப்புறைகளை என் கண்ணால் பார்த்து, அவற்றைப் பற்றி நையாண்டியும் பண்ணியிருந்தேன்.

ப்ரோக்ராமை ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வட்டில் பாதி காலியாகிவிட்டது. அங்கிள் பக்கத்துக் கடையிலிருந்து எனக்குப் பற்றிஸ் எடுப்பித்தார். அக்கா, "மிஸ் செய்யிறதுன்னா செய்யிறதுதான்" என்றார். நான் பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை அங்கிள் எனக்குக் கோல் எடுத்தார். அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் வரும் ஓர் அம்மாவின் கல்வெட்டு, நாற்பத்தெட்டுப் பக்கம், எல்லாம் முடிந்து அச்சுக்குப் போக வேண்டியது, காணவில்லை. படங்களும் இல்லை, அமைத்த பக்கங்களும் இல்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கடையில் அந்த அம்மாவின் மகன் நின்றுகொண்டிருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்தவர், சவரம் செய்யாத முகம். சத்தம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. அக்கா தன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார், வேலை நேரத்தில் அவர் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் யாருக்கும் முகம் கொடுக்காமல் நேரே மூலைக் கணினிக்குப் போனேன்.

கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. என் ப்ரோக்ராம் தான் பொறுக்கிய முகவரிகளை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தது. அதைத் திறந்தேன். கலியாணக் கார்ட், பில் புத்தக வேலைகளுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்கள் முழுதாக இருந்தன. நடுநடுவே, வெட்டிப்போட்ட மாதிரி, சில துண்டுகள் கிடந்தன. அம. அப. ம. மன. இன்னொரு அம.

விஷயம் இதுதான். எழுத்து என்று நான் குறித்துக் கொடுத்த அந்தக் குறிக்கு, அ ஓர் எழுத்து, ம ஓர் எழுத்து. ஆனால் மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும், பக்கத்தில் போடும் காலும் கொம்பும் எழுத்துக் கணக்கில் சேராது. அம்மா என்ற சொல்லில் இரண்டு எழுத்தை வாசித்துவிட்டு, புள்ளியைக் கண்டதும் முகவரி முடிந்துவிட்டது என்று கணினி நின்றுவிட்டது. அம என்று ஒரு கோப்புறை அங்கே இல்லை. அம்மா என்ற கோப்புறையோ பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை அழி என்று சொன்னது நான். பழையவற்றோடு சேர்த்து, உயிருள்ளவற்றில் தமிழில் பெயர் வைத்த பதினொரு கோப்புறைகளையும் அது ஒன்றுவிடாமல் அழித்திருந்தது. பிரதி எடுத்துவைக்கும் வட்டும் மாதக்கணக்காக நிரம்பிப்போய்ச் சும்மா கிடந்தது. அதைப் பார்க்க வேண்டியவளும் நான்தான்.

என் காது இரண்டும் சுட்டன. எழுந்து திரும்பி, "பிழை என்ர" என்று சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு சொல்.

அப்போது பின்னால் அங்கிள் அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீர் வெள்ளிக்கிழமையில ஃபைல் அழிக்கிறனீர்தானே?"

"பழைய படம் கொஞ்சம் அழிச்சேன் சேர். ஆனா இந்தக் கோப்புறைய நான் தொடல்ல."

"பின்ன ஆர் தொட்டது? பேயோ?" என்றார் அங்கிள். பிறகு என்னிடம் திரும்பினார். "என்ன பிள்ளை நடந்தது? பாத்தீங்களோ?"

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மகனும் பார்த்தார். நான் சொன்ன வசனத்தை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் சொல்லுவேன்.

"பேரெல்லாம் தமிழில இருந்திருக்கு அங்கிள். அதால வந்த பிரச்சினைதான்."

இந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அதிலுள்ள அசிங்கம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எங்காவது தடுமாறியிருப்பேன், முகம் காட்டிக்கொடுத்திருக்கும். இது எண்ணெய் தடவின மாதிரி வந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்று அடுத்ததாக நடந்தது. அக்கா தலையை ஆட்டினார். "ஓம் சேர். மிஸ் எனக்கு ஒருக்கா சொன்னாங்க. தமிழ்ல வைக்க வேணாம்னு. நான்தான் கேக்கல்ல" என்றார். சொல்லிவிட்டு அந்த மகனைப் பார்த்து, "மன்னிச்சிருங்க தம்பி" என்றார்.

அந்த மகன், "அம்மாக்குச் செய்ய எனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒரு வேலை இதுதான்" என்றார். சத்தமாக அல்ல. அவர் போனபிறகு அங்கிள் அக்காவிடம், மாதக் கடைசி வரை நிற்கத் தேவையில்லை, இன்றைக்கே போகலாம் என்றார். கடையின் பெயர் ரொறன்ரோ வரை நாறிவிட்டது, யாராவது போனால்தான் அந்தக் குடும்பத்துக்கு முகம் கொடுக்கலாம் என்றார். அக்கா மாதா படத்தை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார், அது இன்னும் திறக்கப்படாமல் கனமாக இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "போய்ட்டு வாறேன் மிஸ்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லுவார்கள். அன்றைக்குப் பாவம் மூலைக் கணினிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது, பழி பஸ் ஏறிப் போனது.

அவர் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வரியைத் திருத்தினேன். எழுத்து, எண் என்று வகை சொல்லாமல், இடைவெளி வரும்வரை எது வந்தாலும் எடுத்துக்கொள் என்று மாற்றினேன். இரண்டு குறிகளில் முடிகிற வேலை. அம்மா-ரொறன்ரோ என்று தட்டிப் பார்த்தேன், முழுதாகப் பொருந்தியது. பழைய வரியும் அந்தப் பட்டியலும் எங்கும் இல்லாதபடி அழித்தேன். அதை மட்டும் மிகக் கவனமாகச் செய்தேன். நாற்பத்தெட்டுப் பக்கத்தை இரண்டு நாளில் திரும்ப அமைக்க அங்கே ஆள் இல்லை. வியாழக்கிழமை அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் வெறுங்கையோடு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாதங்கள் ஓடின. அச்சகத்துக்குப் புதிதாக வந்தவர் கோப்புறைகளுக்கு இலக்கம் போட்டார். நான் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று நினைத்தேனோ, அந்த அறிமுகம் இன்னும் தேவைப்பட்டதோ, தெரியவில்லை. இரண்டும்தான்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். எங்கள் கந்தோரில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில், ஆளுக்கொரு பழைய பகிடி சொல்லிக்கொண்டிருந்தோம். நான் இந்தக் கதையைப் பகிடியாகச் சொன்னேன். ஒரு அச்சகம், ஒரு பழங்காலத்து அம்மா, எல்லாக் கோப்புறைக்கும் தமிழில் பெயர் வைக்கிறவர், ஒரு ப்ரோக்ராம் வந்து அம்மாவை அம ஆக்கி விழுங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிற முஸ்லிம் சிநேகிதி மட்டும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

"பிழை ரெஜெக்ஸ்லதானே? அந்தப் பொம்புள என்ன செஞ்சா?"

"வேலையை விட்டிட்டா" என்றேன்.

"அவவா விட்டா?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொன்ன சொல்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் பிறகு ஒருமுறையும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் காலையில் அவளுக்குக் குட்மோனிங் சொல்லும்போது என் கண் அவள் மேசையில் இருந்த கோப்பையைத்தான் பார்த்தது. மூன்று கிழமை அப்படிப் போனது. நாலாம் கிழமை சனிக்கிழமை, அச்சகத்துக்குப் போகாமல் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறார் என்று அச்சகத்து மெஷின்காரர் சொல்லியிருந்தார். வழி முழுக்க வசனம் கட்டிக்கொண்டு போனேன். கொண்டக்டர் "கொட்டஹேன, கொட்டஹேன" என்று சிங்களத்தில் கூவிப் பஸ் தகரத்தில் தட்டியபோது கட்டிய வசனம் எல்லாம் மறந்துவிட்டது.

கடை கோயில் வீதிக்குத் திரும்பும் முடக்கில் இருந்தது. ஒரு கொப்பி மெஷின், ஒரு கணினி, அடையாள அட்டைப் படம் எடுக்க ஒரு நீலத் திரை. அக்கா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "ஐயோ மிஸ்! இவ்வளவு தூரம்!" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மெலிந்திருந்தார். மாதா படம் கணினியின் மேல் இருந்தது. கணினியில் திறந்திருந்த கோப்புறைகளை என் கண் பழக்கதோஷத்தில் வாசித்தது. எல்லாம் ஆங்கிலம்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "இப்ப தமிழ்ல வைக்கிறதே இல்ல மிஸ். மத்தியானத்துல வாற பிள்ளைக்கும் சொல்லிட்டேன், அந்தப் பக்கமே போகாதன்னு. ஒருக்கா பட்டா போதாதா? அந்தத் தம்பிட மொகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நான் செஞ்ச வேலையால ஒரு அம்மாட காரியம் கெட்டுப்போச்சே."

ஸ்டூலில் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். வரி, பத்துச் சோதனை, புள்ளி, பட்டியல், அங்கிள் கேட்டது, நான் சொன்னது. உளறிக்கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் அடையாள அட்டைக் கொப்பி எடுக்க வந்தார். அக்கா அவருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கேட்டார்.

"அப்ப தமிழ்ல பேரு வச்சது பிழையில்லையா?" என்றார் கடைசியில்.

"இல்லை அக்கா. ஒரு பிழையும் இல்லை."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஓம். அங்கிள் கேக்க முதலே தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் மெஷின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சேர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப எனக்கு என்னாத்துக்குச் சொல்ல வந்தீங்க?"

அவருடைய மன்னிப்பை வாங்கிக்கொண்டு, மனப் பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்கே விளங்கியது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, அவர் முன்னாலேயே அங்கிளுக்கு அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் சொல்லச் சொல்ல அங்கிள் "ம்... ம்..." என்று கேட்டார். பின்னால் அச்சு மெஷின் ஓடும் சத்தம். நான் சொல்லி முடித்தேன். அங்கிள் சிரித்தார்.

"அட, அதோ? அது முடிஞ்ச கதை பிள்ளை. ஆனைக்கும் அடி சறுக்கும். உங்களைப் போல படிச்ச பிள்ளையள் வந்து சும்மா செய்து தாறதே பெரிய காரியம். இதுக்கெல்லாம் மனசைப் போட்டு உழப்பாதேங்கோ. ஏன் இன்டைக்கு வரேல்லை? பிரிண்டர் ஒண்டு படுத்திட்டுது. பின்னேரம் வந்து பாக்கிறியளோ?"

"அங்கிள், அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிட வேணும்."

"அவவையோ? இப்பதானே ஆள் எடுத்தனான். பாப்பம், பாப்பம். நீங்கள் பின்னேரம் வாங்கோ" என்று வைத்துவிட்டார்.

அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

"சிரிக்கிறாரு" என்றார். "ஒம்போது வருஷம் வேல செஞ்ச என்னைய ஒரு நிமிஷத்துல போகச் சொன்னாரு. உங்களுக்கு சிரிக்கிறாரு." பிறகு, ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் சிரிச்சிருப்பாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது மிஸ். எனக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

நான் "ஓம்" என்றேன். அவர் இனியும் மிஸ் என்றே கூப்பிடுவார், இனி அக்கா என்று கூப்பிட எனக்குத்தான் வாய் வராது என்று தோன்றியது. அடுத்த ஆள் கொப்பி எடுக்க வந்துவிட்டார். அக்கா அவரிடம் எத்தனை என்று சிங்களத்தில் கேட்டார். நான் படியிறங்கினேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அங்கிள் ஏசுவார், பெயர் கெட்டுவிடும் என்று பயந்துபோய் வாய் மூடிவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார், அதை நான் திருத்தவில்லை. அங்கிள் சிரிப்பார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார் என்றுகூடத் தெரியும். நான் பயப்படவே இல்லை. கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு தரம், ஒரே ஒரு நிமிடம் மடைச்சியாக நிற்க எனக்கு விருப்பமில்லை. அதற்காகத்தான் ஒரு மனுஷியின் ஒன்பது வருஷத்தைக் கொடுத்தேன்.